லோசர் காப்சே: இவ்வளவு கெட்டியாத்தான் இருக்கணுமா?

ரேவதி_கோவை:
வணக்கம் எல்லாருக்கும். என்கூட வேலை பார்க்கிற பெண் கர்நாடகாவில் இருக்கிற முண்ட்கோட் திபெத்திய முகாமில் பிறந்து வளர்ந்தவள். லோசர், அதாவது அவங்க புத்தாண்டு, முடிஞ்சு ஊரிலிருந்து திரும்பும்போது பை நிறைய காப்சே கொண்டுவருவாள். மைதாவைப் பிசைஞ்சு, வெட்டி, முறுக்கி, எண்ணெயில் பொரிச்ச பலகாரம். இந்த வருஷம், 2026-ல், லோசர் பிப்ரவரி 18-ல் வருது, அவளுக்கு லீவு கிடைக்கலை. நானே பொரிச்சுக் கொடுக்கலாம்னு ஆசை.

குறிப்பு தேடினா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. ஒருத்தர் சோடா உப்பு போடச் சொல்றார், இன்னொருத்தர் கூடவே கூடாதுங்கிறார். சர்க்கரை அளவும் எங்கேயும் ஒத்துப்போகலை. நான் சாப்பிட்டது நல்ல கெட்டி, இனிப்பும் மட்டு. அது அப்படித்தான் இருக்கணுமா, இல்ல வர வழியில் காய்ஞ்சு போனதா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சுமதி_சமையல்கட்டு:
ரேவதி, பார்த்தா நம்ம கலகலா குடும்பம்தான். வெட்டுற விதமும் முறுக்குற விதமும்தான் வேற. ஒரு கிலோ மைதாவுக்கு கால் கிலோ வெண்ணெயை உருக்கி ஊத்து, கால் கிலோ சர்க்கரையைப் பாலில் கரைச்சு சேர், ஒரு சிட்டிகை சோடா உப்பு போடு. வாயில் போட்டதும் பொலபொலன்னு உதிரும். கெட்டியா வந்துச்சுன்னா கொழுப்பைக் குறைச்சுட்டாங்கன்னு அர்த்தம். பண்டிகைப் பலகாரத்தை யாராவது வேணும்னே கெட்டியா பண்ணுவாங்களா?

குஷால்நகர்_பாபு:
சுமதி அக்கா, வேணும்னேதான் பண்றாங்க. அதுக்குக் காரணமும் இருக்கு, சொல்றேன்.

எங்க மளிகைக் கடை குஷால்நகரில். காவிரிப் பாலத்தைத் தாண்டினா பைலகுப்பே திபெத்திய முகாம். 1960களின் தொடக்கத்தில் அப்போதைய மைசூர் மாநில அரசு கொடுத்த காட்டு நிலத்தைத் திருத்தி உருவான ஊர். அப்பா காலத்திலிருந்தே எங்க வாடிக்கையில் பாதிக்கு மேல் அவங்கதான். குளிர்காலத்தில் ஊர் ஊரா ஸ்வெட்டர் விற்கப் போனவங்க ஜனவரி கடைசியில் திரும்ப ஆரம்பிச்சதும் கடையில் சரக்கு ஓட்டம் மாறும். மைதா கிலோ கணக்கில் போகாது, மூட்டையாத்தான் போகும். எண்ணெய் டின், டால்டா, வெண்ணெய், பால் பவுடர், கேசரிப் பவுடர் சிவப்பிலும் பச்சையிலும். எல்லாம் காப்சேக்கு.

இப்போ விஷயம். காப்சேயை முதலில் யாரும் வாயில் போடறதில்லை. அது முதலில் போறது பூஜை மாடத்துக்கு. அங்கே அதை அடுக்குவாங்க. அந்த அடுக்குக்கு டெர்கான்னு பேர். அடியில் வைக்கிறதுதான் பெரிசு, கிட்டத்தட்ட முழங்கை நீளம் வரும், புங்கே அம்ச்சோன்னு சொல்வாங்க, கழுதைக் காது. ரெண்டு ரெண்டா ஜோடி போட்டு, ஒரு ஜோடி நீளவாக்கில், அடுத்த ஜோடி குறுக்கவாக்கில்னு மேலே மேலே ஏத்துவாங்க. அதுக்கு மேலே முறுக்கின நீளக் காப்சே, வண்ணப் பட்டை வெச்சது, அப்புறம் சின்னச் சின்னத் துண்டு. உச்சியில் மிட்டாய், உலர்ந்த பழம், நூலில் கோத்த காய்ஞ்ச பாலாடைக் கட்டி. சில வீட்டில் அந்த அடுக்கு நம்ம இடுப்பு உயரத்துக்கு நிற்கும்.

லோசர் முக்கியமா 3 நாள்தான், ஆனா முழுசா எடுத்துக்கிட்டா முதல் மாசத்தில் 15 நாள் வரைக்கும் போகும். அதுவரைக்கும் அடியில் இருக்கிற அம்ச்சோ மேலே இருக்கிற பாரத்தைத் தாங்கணும். உங்க அளவுப்படி பொலபொலன்னு பண்ணினா அடுக்கு அன்னிக்கு ராத்திரியே சரியும். புது வருஷத்து மாடம் சரியறதை எந்த வீட்டில் பொறுத்துப்பாங்க? சோடா உப்பு போட்டா உப்பும், வடிவம் போயிடும், பாரம் ஏறினதும் நொறுங்கும். அதனாலதான் கொழுப்பு குறைச்சு, இறுக்கமா பிசைஞ்சு, நிதானமா பொரிக்கிறாங்க.

ரேவதி அக்கா சாப்பிட்டது பழசாகிக் கெட்டியானது இல்லை. அப்படியேதான் பொரிச்சது.

நீலகண்டன்_திண்டுக்கல்:
பாபு, அந்தக் கழுதைக் காதை எப்படி எண்ணெயில் போடறாங்க? அவ்வளவு நீளமானது வளையாம எப்படி வெளியே வருது? கொஞ்சம் விவரமா எழுதுங்க.

குஷால்நகர்_பாபு:
நேரில் பார்த்ததை எழுதறேன் அண்ணா.

காப்சே போட நல்ல நாள் பார்ப்பாங்க. கண்டபடி ஏதோ ஒரு நாளில் அடுப்பு மூட்ட மாட்டாங்க. பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே, முற்றத்தில் கல் கூட்டி விறகு அடுப்பு. அதில் பெரிய இரும்பு வாணலி. தெருவில் நாலஞ்சு வீடு முறை வெச்சுக்கும், இன்னிக்கு உங்க வீட்டுது, நாளைக்கு எங்க வீட்டுது. மாவு பிசையறது கை பலம் வேண்டிய வேலை, ஆண்கள்தான் அதிகம் செய்வாங்க. பொரிக்கிற இடத்திலும் அவங்கதான். வெட்டி வடிவம் கொடுக்கிறதை வீட்டு அமாலா, அதாவது அம்மா, பார்த்துக்குவாங்க. பாட்டியை மோலான்னு கூப்பிடுவாங்க. எந்த வீட்டிலும் கடைசிப் பேச்சு மோலாவோடதுதான். மாவை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்துட்டு "இன்னும் பிசை"ன்னு சொன்னா பிசைஞ்சுதான் ஆகணும்.

அம்ச்சோவுக்கு மாவை நீளமா, ஓரளவு தடிமனா தேய்ச்சு, ரெண்டு ஓரத்தையும் உள்பக்கம் மடிச்சுக் கொண்டுவருவாங்க. நடுவில் குழாய் மாதிரி வெற்றிடம், முனை காது மடல் மாதிரி விரிஞ்சிருக்கும். எண்ணெயில் விட்டதும் சில நொடி மாவு தளரும். அந்த நேரம்தான் முக்கியம். ரெண்டு நீளக் குச்சியை வெச்சு ஒருத்தர் உள்வளைவைப் பிடிச்சு விரிச்சுக் கொடுக்க, இன்னொருத்தர் முதுகுப் பக்கம் எண்ணெயைக் கரண்டியால் மொண்டு ஊத்துவார். வடிவம் இறுகின பிறகுதான் குச்சியை எடுப்பாங்க. ஒரு நேரத்தில் ஒண்ணோ ரெண்டோதான் போட முடியும். ஜோடியில் ரெண்டும் ஒரே அளவில், ஒரே நிறத்தில் வரணும், இல்லேன்னா அடுக்கும்போது ஆடும். நிறம் பொன்னிறத்துக்கு ஒரு படி முன்னாடியே எடுத்துடுவாங்க, வெளியே வந்த பிறகும் அது சிவக்கும்.

மடாலங்களில் இன்னும் பெரிய அளவில் நடக்கும். துறவிகள் வரிசையா உட்கார்ந்து வெட்டறதும், ஆள் உட்காரலாம் போல இருக்கிற வாணலியில் பொரிக்கிறதும், கூடை கூடையா கொட்டறதும். லோசர் அன்னைக்குப் போனா பக்தர்களுக்கு அதைப் பிரசாதமா கொடுப்பாங்க.

எல்லைப்பணி_ஓய்வு:
ராணுவத்தில் இருந்தபோது லடாக்கின் லே நகரிலும் சிக்கிமின் கேங்டாக்கிலும் பணியாற்றியிருக்கிறேன். இரண்டு இடங்களிலும் இதே பலகாரத்தைப் பார்த்தேன். சில செய்திகளைச் சேர்க்கிறேன்.

ஒன்று, இது திபெத்தோடு முடிவதில்லை. இமயத்தின் நெடுக பௌத்த வீடுகளில் எல்லாம் உண்டு. சிக்கிமில் பூட்டியா மக்கள் கப்சே என்கிறார்கள், பூட்டானிலும் ஏறக்குறைய அதே பெயர். நேபாளத்தில் ஷெர்பாக்கள் லோசருக்கு மட்டுமல்லாமல் திருமணத்துக்கும் செய்கிறார்கள். திபெத்தியர்களிடமும் திருமணத்தில் டெர்கா வைக்கும் வழக்கம் உண்டு. லடாக்கில் குரா என்ற பொரித்த பிஸ்கட்டை விருந்தாளிக்கு வெண்ணெய்த் தேநீரோடு தருவார்கள். அங்கே லோசரின் தேதியே வேறு, டிசம்பரிலேயே வந்துவிடும். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜாம்யாங் நம்கியால் என்ற அரசர் பால்திஸ்தான் மீது படையெடுத்துப் புறப்படும் முன் புத்தாண்டை முன்கூட்டியே கொண்டாடிவிட்டார், அதுவே வழக்கமாகிவிட்டது என்று அங்குள்ளவர்கள் சொல்வார்கள்.

இரண்டாவது செய்தி பாபு சொன்னதை ஒட்டியது. லாசா ஏறக்குறைய 3,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 88 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். சாதம், பருப்பு எல்லாம் சாதாரணப் பாத்திரத்தில் எளிதில் வேகாது. லேயில் பிரஷர் குக்கர் இல்லாமல் எங்கள் மெஸ் ஓடியதே இல்லை. ஆனால் எண்ணெய்க்கு அந்தத் தடை கிடையாது, எவ்வளவு சூடு வேண்டுமோ ஏற்றலாம். வறுப்பதும் அப்படித்தான். பார்லியைச் சூடான மணலில் வறுத்து அரைத்த த்சம்பா மாவு அன்றாட உணவாகவும், பொரித்த மாவு பண்டிகை உணவாகவும் ஆனதில் அந்த உயரத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது என்பது என் எண்ணம். காற்றும் உலர்ந்தது, குளிரும் அதிகம். நன்றாகப் பொரித்த காப்சே அங்கே வாரக்கணக்கில் கெடாது. கோதுமையும் எண்ணெயும் எளிதில் கிடைக்காத ஊரில், வருடத்தில் ஒருமுறை அவற்றைத் தாராளமாகச் செலவிட்டுச் செய்வது என்பதே கொண்டாட்டம்தான்.

கலா_டொரன்டோ:
எல்லாரும் வாணலியைப் பற்றியே பேசறீங்க, இங்கே நிலைமை வேற.

டொரன்டோவில் பார்க்டேல் பகுதியில் திபெத்தியர்கள் நிறைய. குவீன் தெருவில் மோமோ கடைகளா இருக்கும். என் பக்கத்து ஃபிளாட்டில் ஒரு திபெத்தியக் குடும்பம், அந்த அக்காவை நானும் ஆச்சாலான்னுதான் கூப்பிடறேன். அடுக்குமாடியில் நாள் முழுக்க எண்ணெய் காய்ச்சினா புகை அலாரம் அலறும், கீழ்வீட்டுக்காரர் புகார் கொடுப்பார். அதனால் சின்னக் காப்சேயை நிறைய பேர் ஓவனில் சுட ஆரம்பிச்சுட்டாங்க. வீட்டிலேயே பொரிச்சு விற்கிறவங்ககிட்ட முன்கூட்டியே சொல்லி வாங்கறவங்களும் உண்டு. அம்ச்சோவை மட்டும் யாரும் ஓவனில் வைக்கிறதில்லை. ஒரு கோடையில் தோட்டத்து வீடு வெச்சிருக்கிற உறவினர் வீட்டில் மொத்தமா பொரிச்சு, வருஷா வருஷம் அதையே மாடத்தில் வைக்கலாமான்னு கூட ஒரு பேச்சு ஓடுச்சு. பெரியவங்க ஒத்துக்கலை. புது வருஷத்துக்குப் புதுசா பொரிச்சதுதான் வைக்கணும்னுட்டாங்க.

என் கருத்து: ஓவனில் சுட்டதும் காப்சேதான். ரெண்டு வேலைக்குப் போற பெற்றோர், பள்ளிக்கூடப் பிள்ளைங்க, பிப்ரவரிப் பனி. இத்தனைக்கு நடுவில் மாவைப் பிசைஞ்சு பிள்ளைங்க கையில் கொடுத்து முறுக்கச் சொல்றாங்களே, அதுதான் பெரிசு. எண்ணெயா சூடான காற்றாங்கிறது அடுத்த விஷயம்.

குஷால்நகர்_பாபு:
கலா அக்கா, வெளிநாட்டுச் சிரமம் புரியுது. ஆனா ஓவன் விஷயத்தில் நான் உங்க பக்கம் இல்லை. எண்ணெயில் விழும்போது மாவில் இருக்கிற ஈரம் கொதிச்சு வெளியே ஓடுது, அதனாலதான் உள்ளே வரைக்கும் ஒரே மாதிரி இறுகுது. ஓவனில் வந்தது மேலே பிஸ்கட், உள்ளே ரொட்டி. பையில் போட்டு ஒரு வாரம் வெச்சுப் பார்த்தா வித்தியாசம் தெரியும்.

கலா_டொரன்டோ:
ஒரு வாரம் எங்கே இருக்கு பாபு, இங்கே பிள்ளைங்க ரெண்டு நாளில் தீர்த்துடறாங்க. நான் என் கருத்தை மாத்திக்கலை.

சுமதி_சமையல்கட்டு:
பாபு சொன்ன அடுக்குக் கணக்கு நியாயமானது, அதை ஏத்துக்கறேன். ஆனா அடியில் நிக்கிறதுக்கும் தட்டில் வைக்கிறதுக்கும் ஒரே மாவுதான்னு யார் சொன்னது? பாரம் தாங்க வேண்டியது அம்ச்சோ மட்டும்தான். விருந்தாளிக்கு நீட்டற சின்னக் காப்சே கொஞ்சம் உதிர்ந்தா என்ன குடி முழுகிப்போகுது?

குஷால்நகர்_பாபு:
அதுவும் சரிதான் அக்கா. பெரும்பாலான வீட்டில் ரெண்டு மாவுதான். அம்ச்சோ மாவில் இனிப்பு பேருக்குத்தான் இருக்கும், வெண்ணெயும் குறைவு. சர்க்கரை கூடினா உள்ளே வேகறதுக்கு முன்னாடியே மேலே கருகிடும், அவ்வளவு பெரிசுக்கு அது ஆகாது. சின்னதில் வெண்ணெய், பால், சர்க்கரை தாராளம். கடைசியில் அடுக்கைப் பிரிக்கும்போது அம்ச்சோவை உடைச்சு டீயில் தோய்ச்சு சாப்பிடறவங்க உண்டு, மாட்டுக்குப் போடறதும் உண்டு. சின்னது ஒண்ணுகூட மாட்டுக்குப் போகாது.

ரேவதி_கோவை:
இவ்வளவு தெரியாமலே இத்தனை நாள் சாப்பிட்டிருக்கேன். அவள் அறையில் சின்னதா ஒரு மாடம் வெச்சிருக்கா, தலாய் லாமா படத்தோட. காப்சேயோட வேற என்ன வைக்கணும்? நான் ஏதாவது வாங்கிட்டுப் போகலாமா?

கலா_டொரன்டோ:
ஆச்சாலா வீட்டில் பார்த்ததைச் சொல்றேன். முக்கியமானது செமார். நடுவில் தடுப்பு வெச்ச, செதுக்கின மரப்பெட்டி. ஒரு பக்கம் வெண்ணெய் சேர்த்த த்சம்பா மாவு, இன்னொரு பக்கம் வறுத்த தானியம், ரெண்டும் குவியலா. மேலே வெண்ணெயில் அலங்காரம் செஞ்ச வண்ணப் பலகை குத்தியிருக்கும். வாசலில் நுழைஞ்சதும் "தாஷி தெலெக்"னு சொல்லி உங்க முன்னாடி நீட்டுவாங்க. வலது கையால் ஒரு சிட்டிகை எடுத்து மூணு தடவை மேலே தூவிட்டு, கொஞ்சம் வாயில் போட்டுக்கணும். பக்கத்தில் பச்சைப் பசேல்னு முளைவிட்ட தானியத் தொட்டி, வெண்ணெயிலோ மாவிலோ செஞ்ச ஆட்டுத் தலை, விளக்கு, ஏழு கிண்ணத்தில் தண்ணீர், பழம், சாங். சாங்ங்கிறது பார்லியில் புளிக்க வெச்சது.

இதுக்கு முந்தின பகுதியும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். திபெத்தியக் கணக்கில் பன்னிரண்டாம் மாசம் 29-ஆம் நாள் ராத்திரி குத்துக்னு ஒரு சூப் வைப்பாங்க. அதில் ஒவ்வொருத்தருக்கும் ஒரு பெரிய மாவு உருண்டை, உள்ளே ஏதாவது ஒளிச்சிருக்கும். மிளகாய் வந்தா வாயாடி, கரி வந்தா மனசு கறுப்பு. மேசையைச் சுத்தி ஒரே சிரிப்பு. பழைய வருஷத்துக் கெட்டதை அன்னிக்கே வெளியே துரத்திட்டு, மறுநாள் மாடத்தில் காப்சேயை அடுக்குவாங்க.

நீங்க பழமும் உலர்திராட்சையும் கொண்டுபோங்க, போதும். செமார் கையால் செஞ்சு கொடுக்கணும்னு இல்லை. அவளே சின்னக் கிண்ணத்தில் வெச்சுப்பா.

குஷால்நகர்_பாபு:
ஒண்ணு கேட்டுக்கோங்க ரேவதி அக்கா. அவங்க வீட்டில் இந்த வருஷத்துக்குள் யாராவது தவறியிருந்தா லோசர் கொண்டாட மாட்டாங்க. லீவு கிடைக்காததுதானான்னு பக்குவமா கேட்டுட்டு அடுப்பை மூட்டுங்க.

இதை ஏன் சொல்றேன்னா, 2009-ல் பைலகுப்பே முழுக்கவே அப்படி இருந்துச்சு. 2008 மார்ச்சில் திபெத்தில் நடந்த போராட்டத்தில் உயிர் போனவங்களுக்காக, லோசர் கொண்டாட வேண்டாம்னு திபெத்திலும் வெளியிலும் மக்களே முடிவு பண்ணினாங்க. ஜனவரியில் வழக்கம்போல் மைதா மூட்டை இறக்கி வெச்சிருந்தோம். கேட்க ஆள் வரலை. விளக்கு ஏத்தினாங்க, பிரார்த்தனை பண்ணினாங்க, அவ்வளவுதான். ஒரு இனமே பலகாரம் பொரிக்காம இருந்து தன் துக்கத்தைச் சொன்னதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். எங்க அப்பா அந்த மூட்டைகளைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை.

ரேவதி_கோவை:
நல்லவேளை சொன்னீங்க பாபு. கேட்டேன். துக்கம் எதுவும் இல்லை, லீவு மட்டும்தான் பிரச்சினை. காப்சே பொரிக்கப் போறேன்னு சொன்னதும் மாவு பிசைய அவளும் வரேங்கிறாள். சுமதி அக்கா, சின்னதுக்கு அளவு கொடுங்க.

சுமதி_சமையல்கட்டு:
பாபு சொன்னதையும் என் கையையும் சேர்த்து இப்படி வை. மைதா ஒரு கிலோ, உருக்கின வெண்ணெய் 150 கிராம், சர்க்கரை 200 கிராம், உப்பு ஒரு சிட்டிகை. சோடா உப்பு வேண்டாம். சர்க்கரையை வெதுவெதுப்பான பாலில் முழுசா கரைச்சுக்கோ, கரையாத பரல் இருந்தா எண்ணெயில் அந்த இடம் மட்டும் கருகி புள்ளி விழும். வெண்ணெயை மாவில் விட்டு, பிடிச்சா பிடி நிக்கிற மாதிரி கையால் பிசறு. அப்புறம் பாலைக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்து. 350 மில்லிக்கு மேல் போகாது. சப்பாத்தி மாவை விட இறுக்கமா வரணும். ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் மூடி வை.

கால் அங்குலத்துக்கும் குறைவா தேய்ச்சு, விரல் நீளச் செவ்வகமா வெட்டு. நடுவில் நீளமா ஒரு கீறல் போட்டு, ஒரு முனையை அந்தக் கீறலுக்குள் விட்டு மறுபக்கம் இழு. ரெண்டு பக்கமும் அழகா முறுக்கிக்கும். வெட்டினதை எல்லாம் துணியில் பரப்பி வெச்சு, மேல்பக்கம் லேசா வறண்ட பிறகு எண்ணெயில் போடு, அப்போதான் ஒண்ணோடு ஒண்ணு ஒட்டாது. எண்ணெய் மிதமான சூட்டில் இருக்கணும். ஒரு துண்டு போட்டா அடியில் போய் நிதானமா மேலே வரணும், போட்டவுடனே சட்டுனு மிதந்தா தீயைக் குறை. சூடு கூடினா வெளியே சிவந்து உள்ளே ஈரம் நிக்கும், மறுநாளே நமத்துப் போகும். நல்லா ஆறினதும் டின்னில் போடு. சூட்டோடு மூடினா வேர்த்து நமத்துடும்.

நீலகண்டன்_திண்டுக்கல்:
எண்ணெய் எது நல்லது அக்கா? திபெத்தில் கடுகு எண்ணெய் என்று கேள்விப்பட்டேன்.

சுமதி_சமையல்கட்டு:
வாசனை இல்லாத எண்ணெய் எதுவும் போதும். நம்ம கடலை எண்ணெயும் நல்லா வரும். கடுகு எண்ணெய் பழகினவங்களுக்குத்தான் பிடிக்கும்.

ரேவதி_கோவை:
குறிச்சுக்கிட்டேன். கடைசியா ஒண்ணு. அவளுக்கு மாடத்தில் ஒரு ஜோடி அம்ச்சோவாவது வைக்கணும்னு இருக்கு. வீட்டுச் சின்ன வாணலியில் அது ஆகாதுன்னு தெரியுது. பாபு, பார்சல் அனுப்ப முடியுமா?

குஷால்நகர்_பாபு:
பார்சலில் அனுப்பினா தூளாத்தான் வந்து சேரும். லோசருக்கு முந்தின ரெண்டு வாரம் முகாம் கடைகளில் பொரிச்சு விற்பாங்க, நேரில் வந்து வாங்கிக்கறதுதான் வழி. கோவையிலிருந்து பைலகுப்பே தூரம். உங்களுக்குப் பக்கம் கொள்ளேகால் பக்கத்து ஒடெயர்பாளையா முகாம். சத்தியமங்கலம், திம்பம், ஆசனூர் வழியா கேர்மாளம் ரோட்டில் போனா முகாம் வந்துடும். திம்பம் மலைப்பாதையில் ராத்திரிப் போக்குவரத்துத் தடை இருக்கு, விடிஞ்சதும் கிளம்பிச் சாயங்காலத்துக்குள் திரும்பற மாதிரி வெச்சுக்கோங்க. ஜோடியா கேட்டு வாங்குங்க. அட்டைப் பெட்டியில் துணி விரிச்சு, மடியில் வெச்சுக் கொண்டுவாங்க. 27 கொண்டை ஊசி வளைவு இருக்கு, டிக்கியில் போட்டுடாதீங்க.